சங்ககிரிக் கோட்டையும் சஃபோக் பாடகரும்

திருச்செங்கோட்டுக்காரர்கள் ஊர் திரும்பும்போது முதலில் கண்ணில் படுவது மலைதான். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்கும் சத்தீஸ்கருக்கும் ராஜஸ்தானுக்கும் போய் மாதக்கணக்கில் வண்டியிலேயே படுத்து எழுந்தவர்கள், சங்ககிரி தாண்டி மலை தெரிந்ததும் வீட்டுக்குப் போன் போடுவார்கள். "ஊரு வந்தாச்சு, சோறு ஆக்கி வையி" என்பார்கள். டி.என். 34 என்று எண் எழுதிய வண்டியை வடக்கே ஏதோ ஒரு மண்சாலையில் பார்த்தால், இன்னார் வண்டி என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் ஊரில் உண்டு. எங்கள் குடும்பமும் அந்த வண்டிகளை நம்பித்தான் இருக்கிறது. அண்ணனும் நானும் ரிக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறோம்.

எட் ஷீரனின் 'காசில் ஆன் தி ஹில்' பாட்டு எனக்கு வந்து சேர்ந்ததும் அப்படி ஒரு வண்டியிலிருந்துதான். சத்தீஸ்கரில் ரிக் மேனேஜராக இருந்த பெரியப்பா மகன், அந்தப் பாட்டு வந்த 2017ஆம் ஆண்டில், ஒரு நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "கேட்டுப் பாரு பாப்பா, நம்மூரையே பாடற மாதிரி இருக்குது" என்று கூடவே ஒரு குரல் பதிவு. பின்னணியில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

எட் ஷீரன் 1991இல் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். வளர்ந்தது இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் வட்டாரத்தில் உள்ள ஃபிராம்லிங்ஹாம் என்ற சின்ன ஊரில். அந்த ஊர் மேட்டில் 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று இருக்கிறது. பாட்டில் வருவது அந்தக் கோட்டைதான். பிழைப்புக்காக வெளியூர் போனவன் காரை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். கூட வளர்ந்த சிநேகிதர்கள் ஒவ்வொருவரும் என்ன ஆனார்கள் என்று நினைத்துப் பார்க்கிறான். பாட்டின் விஷயம் அவ்வளவுதான். எங்கள் மலைமேல் ஏறி நின்றால் தெரிகிற சங்ககிரி மலையிலும் கோட்டை இருக்கிறது. தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட கோட்டை அது. அந்த மலையைத் தாண்டித்தான் எங்கள் பையன்கள் வடக்கே போகிறார்கள், அதைத் தாண்டித்தான் திரும்பி வருகிறார்கள். எங்கோ ஒரு வெள்ளைக்காரப் பையன் பாடிய பாட்டு போர்வெல் வண்டியில் இருந்தவரைத் தூங்கவிடாமல் செய்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எட் ஷீரன் இந்தியாவுக்கு வருவது புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் மும்பையோடு திரும்பிவிடுவார். 2025இல்தான் புனே, ஹைதராபாத், சென்னை, பெங்களூரு, ஷில்லாங், டெல்லி என்று ஆறு நகரங்களுக்கு வந்தார். சென்னையில் பிப்ரவரி 5, புதன்கிழமை, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள்தான் முதலில் சொன்னாள். "அத்தை, நம்ம சென்னைக்கே வர்றாருங்க! நீங்க வர்றீங்கன்னா அப்பா விட்டுருவாரு."

அண்ணன் உடனே விட்டுவிடவில்லை. "ஒரு பாட்டுக் கேக்கறதுக்கு அத்தன தூரமா?" என்றார். அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. 2023 செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் நெரிசலில் தவித்துத் திரும்பியதைத் தமிழ்நாடே பார்த்தது. நுழைய முடியாதவர்கள் டிக்கெட்டின் நகலை அனுப்பி வைக்கும்படி ரகுமானே கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடும் இடத்துக்கு வீட்டுப் பெண்ணை அனுப்பும் தகப்பன் அதை மறந்துவிட முடியாது. நேரத்தோடு போவது, மெட்ரோவில் மட்டுமே போய் வருவது, இரவு சைதாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்குவது என்று மூன்றும் முடிவான பிறகுதான் சரி என்றார்.

எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார். கே.பி. சுந்தராம்பாள் பாடுகிறார் என்றால் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன தலைமுறை அது. கே.பி. என்பதில் முதல் எழுத்து எங்களுக்குப் பக்கத்து ஊரான கொடுமுடி. சின்ன வயதில் ரயிலில் பாடிக்கொண்டிருந்த கொடுமுடிப் பெண்தான் நாடக மேடை ஏறி, பிறகு 1935இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கியவர் என்பதை அப்பத்தா எங்களுக்குக் கதையாகச் சொல்வார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் பாட்டோடு நடந்து வந்தவர்களைப் பார்த்த ஊர் எங்கள் திருச்செங்கோடு. கொடிமாடச் செங்குன்றூர் என்று அன்று பெயர். சம்பந்தர் அடியாரோடு வந்து தங்கியபோது, கூட வந்தவர்களைப் பிடித்த குளிர்க்காய்ச்சல் தீரத் திருநீலகண்டப் பதிகம் பாடியது இங்கேதான். பாட்டுக்காக நடை நடப்பது இந்தச் சீமைக்குப் பழக்கமான காரியம்.

பிப்ரவரி 4ஆம் தேதி சாயங்காலம் பஸ் ஏறி, பள்ளிபாளையம் காவிரிப் பாலம் தாண்டி ஈரோடு போனோம். மறுநாள் ஈரோடு கிழக்குத் தொகுதிக்கு இடைத்தேர்தல். முந்தின நாளே பிரசாரம் ஓய்ந்துவிட்டதால் ஒலிபெருக்கி இல்லை, கரை வேட்டிக் கூட்டம் இல்லை. வாரக்கணக்கில் இரைந்துகொண்டிருந்த ஊர் சற்றே மூச்சு வாங்குவதாகத் தெரிந்தது. ஸ்டேஷனில் மட்டும் கூட்டம். ஏற்காடு எக்ஸ்பிரஸ் புறப்படுவதே ஈரோட்டில்தான் என்பதால் அவசரப்படாமல் ஏறி உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கலாம்.

எதிர் சீட்டில் திருப்பூர்ப் பையன்கள் சிலர். எல்லோர் பனியனிலும் வகுத்தல் குறி. எட் ஷீரன் தன் ஆல்பங்கள் பலவற்றுக்குக் கணக்குக் குறிகளையே பெயராக வைத்தவர். 2011இல் கூட்டல், 2014இல் பெருக்கல், 2017இல் வகுத்தல், 2021இல் சமம், 2023இல் கழித்தல். பையன்கள் தாங்கள் வேலை பார்க்கும் பிரிண்டிங் யூனிட்டிலேயே அந்தக் குறியை அச்சடித்துப் போட்டிருந்தார்கள். "அக்கா, உங்களுக்கும் பாப்பாவுக்கும் ரெண்டு இருக்குதுங்க" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். சேலம் தாண்டும் வரை பேச்சு நிற்கவில்லை. ஒருவனுக்கு 'தி ஏ டீம்' பிடிக்கும், இன்னொருவனுக்கு 'போட்டோகிராஃப்'. இங்கிலீஷ் பாட்டு பட்டணத்துப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைப்பவர்கள் அந்தப் பெட்டியில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும்.

விடியுமுன் சென்ட்ரல். சித்தி வீட்டில் குளித்து, தூங்கி எழுந்து, மத்தியானச் சாப்பாடு முடித்துச் சைதாப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் நந்தனம். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியின் மைதானம் அது. சில வாரங்களுக்கு முன்னால்தான் அங்கே சென்னைப் புத்தகக் காட்சி முடிந்திருந்தது. புத்தகப் பை தூக்கி நடந்த அதே மண்ணில் இப்போது வரிசை. மதுரை, நெல்லை, புதுச்சேரி என்று பல ஊர்ப் பேச்சும் காதில் விழுந்தது. மாசி பிறக்கவில்லை, ஆனால் வெயில் ஏறியிருந்தது. முன்னால் நின்ற பெண்மணி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், என் அண்ணன் மகள் கடலை மிட்டாயை நீட்டினாள். நேரத்தோடு போனதால் தள்ளுமுள்ளு இல்லாமல் உள்ளே போனோம்.

முதலில் ஜோனிதா காந்தி பாடி மைதானத்தைத் தயார் செய்தார். இருட்டிய பிறகு எட் ஷீரன் வந்தார். அவ்வளவு பெரிய மேடையில் ஒரு மனிதர், ஒரு கிட்டார், காலடியில் லூப் கருவி. கிட்டாரின் மரத்தில் தட்டினார். அந்தத் தட்டலைக் கருவி பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. அதன் மேல் நரம்பை மீட்டினார், அதுவும் சேர்ந்து சுற்றியது. அதன் மேல் ஒரு குரல், அதற்கு மேல் இன்னொரு குரல். எங்கள் ஊர்த் தறியில் பாவுக்குள் ஊடை ஓடி ஓடித் துணி வளர்வதுபோல, கண் முன்னாலேயே பாட்டு வளர்ந்தது. முன்கூட்டியே பதிந்து வைத்தது எதுவும் இல்லை, பாட்டு முடிந்தால் அது அழிந்துவிடும் என்பதுதான் அவர் முறை. அதனால் ஒரு ஊரில் கேட்டது அடுத்த ஊரில் அப்படியே வராது. போனில் கேட்டுக்கொண்டே இருக்கலாமே, ஏன் போக வேண்டும் என்று அண்ணன் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில் அந்த மேடைதான். போனில் இருப்பது முடிந்த பாட்டு. அன்று நாங்கள் பார்த்தது பாட்டு பிறப்பதை.

'காசில் ஆன் தி ஹில்' தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு உயர்த்திப் பிடித்தேன். அவர் அப்போது தெலங்கானாவில் ஏதோ ஒரு காட்டில் போர்வெல் போடும் பாயிண்ட்டில் நின்றுகொண்டிருந்தார். எட்டு வருடமாகத் தனியாகக் காதில் மாட்டிக் கேட்ட பாட்டை ஒரு மைதானமே சேர்ந்து பாடியபோது அது என்னிடமிருந்து போய்விடவில்லை, பெரிதாகிவிட்டது. என் ஊர் நினைப்பை வைத்து நான் பாடினேன். பக்கத்தில் நின்றவர் தன் ஊரை நினைத்துப் பாடியிருப்பார். எழுதியவர் ஃபிராம்லிங்ஹாமை நினைத்துத்தான் எழுதினார். மூன்றுக்கும் இடம் கொடுத்த பாட்டு அது. தன் சொந்த ஊரை உண்மையாகச் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் போய்ச் சேரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

'ஷேப் ஆஃப் யூ' வந்தபோது மைதானம் குதித்துக்கொண்டிருந்தது. 'காசில் ஆன் தி ஹில்' வெளியான அதே 2017 ஜனவரி 6ஆம் தேதி வெளியான பாட்டுதான் அதுவும். யாரும் எதிர்பாராமல் ஏ.ஆர். ரகுமான் மேடைக்கு வந்தார். அந்தத் தாளத்தின் மேலேயே 'ஊர்வசி ஊர்வசி' எடுத்தார். 1994இல் 'காதலன்' வந்தபோது எங்கள் தெருவில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த எல்லா வீட்டிலும் ஓடிய பாட்டு. அண்ணன் மகள் பிறப்பதற்குப் பல வருடம் முந்தியது. அவளுக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். இரண்டு பாட்டுக்கும் நடுவே இருபத்து மூன்று வருடம். ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. இந்த இரண்டையும் இணைத்து இணையத்தில் ரசிகர்கள் பல வருடமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். அன்று இரண்டு பாட்டுக்கும் உரியவர்களே சேர்ந்து பாடினார்கள். நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பிடித்த பாடகருக்காக அழுவதும் அன்புதான்.

இரவு பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடெங்கும் உள்ள சட்டம். அதனால் கச்சேரி நேரத்தோடு முடிந்தது, மெட்ரோவும் கிடைத்தது. மறுநாள் காலை 6.10க்குக் கோவை எக்ஸ்பிரஸ். பகல் வண்டியாகப் பார்த்து ஏறியதற்குக் காரணம், சேலம் தாண்டி ஜன்னலில் சங்ககிரி மலை வரும் என்பதுதான். வந்தது. அண்ணன் மகள் அந்தப் பாட்டைப் போட்டாள்.

போனதில் எனக்கு முழுத் திருப்தி. அதனால்தான் இரண்டு பேரிடம் உரிமையோடு கேட்கிறேன். முதலாவது, இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்களிடம். கேட்பவர்கள் நகரத்துக்குள் மட்டும் இல்லை. புதன்கிழமை வைத்தால் தறிக்காரரும் கடைக்காரரும் படிக்கும் பிள்ளையும் ஒரு நாள் பிழைப்பையும் பாடத்தையும் விட்டு வர வேண்டியிருக்கிறது. சனி, ஞாயிறில் வையுங்கள். டிக்கெட்டுக்கு ஏற்ற ஆட்களை மட்டும் உள்ளே விடுங்கள். குடிதண்ணீரும் கழிப்பறையும் தாராளமாக இருக்கட்டும். கோவையிலும் சேலத்திலும் மதுரையிலும் மைதானங்கள் இருக்கின்றன, அங்கேயும் மேடை போடுங்கள்.

இரண்டாவது, பெற்றவர்களிடம். உங்கள் பிள்ளை ஒரு பாடகரைக் கேட்க வெளியூர் போக வேண்டும் என்று கேட்டால், அது வெட்டிச் செலவு என்று முதல் வார்த்தையிலேயே தட்டிவிடாதீர்கள். டிக்கெட், தங்கும் இடம், திரும்பும் வண்டி மூன்றையும் சரிபாருங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். அடுத்த முறை எங்களோடு வருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.