நாணல் கொடுத்த இனிப்பு

தை பிறக்கப் போகிறது என்றாலே மதுரைக்காரர்களுக்கு மேலூர் ஞாபகம் வந்துவிடும். அந்தப் பக்கத்திலிருந்துதான் கட்டுக்கட்டாகப் பொங்கல் கரும்பு வந்து இறங்கும். கருஞ்சிவப்புத் தோல், பல்லாலேயே உரிக்கலாம், கடித்தால் வாய் நிறையச் சாறு. அதே மதுரையில் அலங்காநல்லூர் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியாகப் போன கரும்பைக் கடித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்... பல் வலி ஒன்றுதான் மிச்சம் என்பார்கள்!

இரண்டுமே கரும்புதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பொங்கல் கரும்பு ஒரு செல்லப்பிள்ளை. நிறையத் தண்ணீர் வேண்டும், நிறையக் கவனிப்பு வேண்டும். ஆலைக் கரும்புக்கு அந்தச் செல்லமெல்லாம் கிடையாது. காரணம், அதன் உடம்பில் ஓடுவது நாணலின் ரத்தம். ஆம், ஆற்றங்கரையில் யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைத்துக் கிடக்கிறதே, அதே நாணல்தான்.

இந்தச் சம்பந்தத்தைச் செய்து வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். பெயர் டி.எஸ்.வெங்கட்ராமன். 1884இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தவர்.

கரும்பை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டித்தான் நடுவார்கள். அதனால் ஒரு வயல் முழுக்க ஒரே செடியின் நகல்தான். நோய் வந்தால் ஒன்று தப்பாது. 1900ஐ ஒட்டிய வருடங்களில் கோதாவரிப் பகுதியில் செவ்வழுகல் நோய் அப்படித்தான் புகுந்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. அதை ஆராய்ந்தவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அவர்தான் தலைவர். வெங்கட்ராமன் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

ஏன் கோவை? அங்கே கரும்பு நன்றாகப் பூக்கும். பூத்தால்தானே கலப்பு செய்ய முடியும்!

'வெள்ளை' என்ற இனிப்புக் கரும்பின் பூவில் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். நாணலில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் வறட்சியைத் தாங்கும், வெள்ளத்தைத் தாங்கும், நோயையும் எதிர்த்து நிற்கும். அந்தக் கலப்பில் வந்ததுதான் கோ 205. 1918இல் பஞ்சாப் விவசாயிகளின் கைக்குப் போனது. 'கோ' என்றால் கோயமுத்தூர். பின்னால் வந்த கோ 281, கோ 290 ரகங்கள் அமெரிக்காவின் லூசியானா வரை போயின.

அப்போது இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை வாங்கிக்கொண்டிருந்தது. 1932இல் இறக்குமதிக்கு எதிராகப் பாதுகாப்பு வரி போட்டார்கள். சில வருடங்களிலேயே நாட்டில் ஆலைகள் நூறைத் தாண்டின. வணிகவியல் பாடத்தில் வரியைப் பற்றி ஒரு பத்தி இருக்கும். சரி, அத்தனை ஆலைகளுக்கும் அரைக்கக் கரும்பு எங்கிருந்து வந்தது? வரி போட்டால் கரும்பு முளைத்துவிடுமா? அந்தப் பதிலில்தான் வெங்கட்ராமன் இருக்கிறார். ஆனால் பாடத்தில் இல்லை.

அவர் 1942 வரை அந்த நிலையத்தில் உழைத்தார். கரும்பைச் சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கும் வேலை அது. பொறுமைதான் அங்கே மூலதனம். 'சர்' பட்டமும், 1956இல் பத்மபூஷணும் கிடைத்தன. 1963இல் காலமானார்.

அத்தோடு கதை முடிந்ததா என்றால், இல்லை. 2009இல் வெளியான கோ 0238 ரகம் உத்தரப் பிரதேசத்தில் பெரும்பாலான வயல்களைப் பிடித்தது. நல்ல மகசூல், நல்ல சர்க்கரை. எல்லோரும் அதையே நட்டார்கள். பத்து வருடம் கழித்து அதே பழைய செவ்வழுகல், புது வேகத்தில் திரும்பி வந்தது! கிருமியும் சும்மா இருப்பதில்லை. ஒரு விஞ்ஞானி ஓய்வு பெறலாம், அவருடைய வேலைக்கு ஓய்வு கிடையாது.

இன்னொரு விஷயமும் யோசிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த முறை காப்பாற்றப் போகும் குணம் எந்தப் புல்லில் ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? புதர் என்று சொல்லி ஆற்றையும் கரையையும் மொட்டையடித்துக்கொண்டே போனால், அந்தப் புல்லும் சேர்ந்தே போய்விடும்.

வைகைப் பாலத்தைத் தாண்டும்போது நாணல் கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் பாருங்கள். காலையில் குடித்த காப்பியின் இனிப்பில் அதன் சொந்தக்காரனுக்கும் பங்கு உண்டு.