பாரத மாதா வேஷமும் ஒரு டியூப் களிம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி, பிளஸ் ஒன் படிக்கும் மகளோடு வீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் கன்னம் இரண்டும் சுட்டது போல் சிவந்திருந்தன. வெயிலில் போனால் எரிகிறதாம். மேலுதட்டிலும் கன்னத்திலும் பூனைமுடி.

“என்னம்மா போட்ட?” என்றேன். பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தாள். தோழி சொல்லி, மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கியது. ஆறு மாதமாகப் போடுகிறாள். “முதல் மாசம் நல்லா பளபளன்னு இருந்துச்சு டீச்சரம்மா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தேன். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன், மோமெட்டசோன். எனக்கு எதுவும் புரியவில்லை. மறுநாள் மூவரும் தோல் டாக்டரிடம் போனோம்.

“மோமெட்டசோன் ஸ்டீராய்டு. மங்குக்குச் சில வாரம் மட்டும், எங்கள் கண்காணிப்பில் போட வேண்டியது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். திடீரென்று நிறுத்தினாலும் எரிச்சல் கூடும்” என்றார். 2018-லேயே இத்தகைய பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டதாம்.

வெளியே வந்து உட்கார்ந்தபோது மாணவி மெல்லச் சொன்னாள்: “அஞ்சாங்கிளாஸ் ஆண்டு விழால பாரத மாதா வேஷம் கேட்டேன் டீச்சர். ‘கலரா இருக்கிற பிள்ளை போடட்டும்’னு சொன்னீங்க. இவளுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு நான்தான் களிம்புக்குக் காசு குடுத்தேன்.”

அவள் குரலில் கோபமே இல்லை. எனக்கோ அப்படிச் சொன்ன நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்தக் காலத்தில் மேடையின் முன்வரிசைக்கும், ஆரத்தி எடுக்கவும் நான் யாரைத் தேர்ந்தெடுத்தேன் என்று எனக்குத் தெரியும். அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க டீச்சர்” என்றாள்.

1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’கூட 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. நம் வாய்தான் இன்னும் மாறவில்லை.

பழக்க தோஷம், ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இன்றே வீட்டிலுள்ள முக க்ரீம்களை எடுத்துப் பாருங்கள்.

1. ‘டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது’ என்ற எச்சரிக்கை இருந்தால் அது மருந்து, அழகு க்ரீம் அல்ல. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

2. தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண் இல்லாததைத் தொடாதீர்கள். சில வெளுக்கும் க்ரீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தையே கெடுக்கும்.

3. அந்த டாக்டர் எழுதித் தந்தது மென்மையான சோப்பு, ஈரப்பத க்ரீம், சன்ஸ்க்ரீன், இவ்வளவுதான்.

நேற்று போன் வந்தது. எரிச்சல் குறைந்திருக்கிறதாம். முழுதும் சரியாக இன்னும் பல மாதம் ஆகுமாம்.

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளிடம் “ஏன் இப்படிக் கறுத்துட்ட?” என்று கேட்காதீர்கள். “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள், போதும்.