கூடத் திருகினது ஆர்?

நாரந்தனையில் இருக்கிற என் மாமிக்கு நான் சொன்ன ஒரு பொய்யை இங்கே எழுதி வைக்கிறேன். மாமாவின் மணிக்கூட்டில் மெயின் ஸ்பிரிங் அறுந்துபோச்சு என்று சொன்னேன். அது அறவே இல்லை.

மணிக்கூடு எச்எம்டி ஜனதா. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடின காலத்தில் சிதம்பரம் போய்த் திரும்பும்போது மாமா வாங்கி வந்தது. சிட்டிசன் கம்பனியோடு சேர்ந்து 1961இல் பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கிய எச்எம்டியின் சாதாரண ரகம். கையால் திருக வேண்டும், உள்ளே 17 கல், செக்கனுக்கு ஐந்து தட்டு. பிறகு வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் சீக்கோ கட்டித் திரிந்தபோதும் மாமா இதைக் கழற்றவில்லை. அவர் மோசம் போன பிறகு காலையில் அடுப்பு மூட்ட முதல் மாமி அதைத் திருகி வைப்பார். கட்டுவதில்லை.

1991இல் போரால் நாரந்தனை இருக்கிற தீவை விட்டு இடம்பெயர்ந்தபோது அது நின்றது. மாமியின் கணக்கில் அதற்குக் காரணம் ஒன்றுதான். "வெளிக்கிடுற அண்டைக்குப் பதட்டத்திலை கையிலை வைச்சுத் திருகித் திருகி நிண்டனான் தம்பி. கூடத் திருகிப் போட்டன். அதோடை நிண்டிட்டுது." முப்பது வருசமாக இதைத்தான் சொல்லி வந்தார். அதற்கிடையில் அரசாங்கம் 1996இல் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அதே வருசம் அரை மணி பின்னிழுத்து, 2006இல் பழைய நேரத்துக்கே கொண்டுவந்து விட்டது. மாமியின் பெட்டிக்குள் கிடந்த மணிக்கூட்டுக்கு அந்தக் கூத்து ஒன்றும் தெரியாது.

எனக்கு இது தொழில் இல்லை. கந்தோர் வேலை. பின்னேரத்தில் மேசை விளக்கைப் போட்டு, கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய அலாரம் மணிக்கூடுகளைக் கழற்றிப் பூட்டுவேன். இரண்டொன்று ஓடியும் விட்டன. சொந்தத்துக்குள் "இவன் மணிக்கூடு திருத்துவான்" என்று பெயர் பரவியபோது நான் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமில்லை, கலியாண வீடுகளில் அந்தப் பேச்சை நானே எடுத்தும் விட்டிருக்கிறேன்.

அந்தப் பெயரை நம்பித்தான் மாமி மணிக்கூட்டை என்னிடம் தந்தார். திருகுமுடியைத் தொட்டவுடனேயே எனக்கு விசயம் விளங்கியது. முடி அசையவில்லை, இறுகி நின்றது. ஸ்பிரிங் அறுந்திருந்தால் முடி இறுகாது, திருகத் திருகச் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். இறுகி நின்றால் ஸ்பிரிங் முழுப் பலத்தோடு சுருண்டிருக்கிறது, அந்தப் பலம் மற்றப் பக்கம் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கூடத் திருகினதால் மணிக்கூடு நிற்பதில்லை. நின்ற மணிக்கூட்டைத் திருகிப் பார்க்கிறவருக்கு முடி இறுகியிருப்பது தெரிகிறது, அவர் தன்னையே நோகிறார். வழக்கமாக அது நிற்பது உள்ளே எண்ணெய் காய்ந்து பசையாகிப் போவதால்தான்.

பின்மூடியைத் திறந்தபோது அதற்குச் சாட்சியும் இருந்தது. மணிக்கூடு திருத்துகிறவர்கள் கழுவி எண்ணெய் போட்ட திகதியை மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறி வைப்பார்கள். வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் தெரியும், தலைமயிர் அளவுக் கீறல். மூன்று இருந்தன: 76, 81, 87. அந்தக் காலத்து எண்ணெய் நாலைந்து வருசம் தாங்கும். கடல் காற்று அடிக்கிற ஊர் வேறு. 87இல் போட்ட எண்ணெய் 91இல் தன் கடைசிக் காலத்தில் இருந்திருக்கிறது. மாமி திருகியிருந்தாலும் திருகாவிட்டாலும் அது நின்றிருக்கும்.

பலன்ஸ் சில்லைத் தூரிகை நுனியால் மெல்லத் தட்டினேன். சில தரம் ஆடி ஓய்ந்தது. நல்ல அறிகுறி. அந்த இடத்தில் நான் மூடியைப் பூட்டி, யாழ்ப்பாணத்தில் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் கழுவி எண்ணெய் போடக் கொடுத்திருக்க வேண்டும். சந்தைப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்து விட்டாலே போதும். ஆனால் மணிக்கூடு திருத்துகிறவன் நான் அல்லவா?

பலன்ஸைத் தூக்கும்போது ஹெயார் ஸ்பிரிங் சாமணத்தின் நுனியில் கொழுவிக்கொண்டது. கண்ணாடிக்குள்ளே பார்த்துக்கொண்டிருக்கவே அந்தச் சுருள் இழுபட்டுக் கோணியது. அதோடு நிறுத்தவில்லை. அதற்குக் கீழே இருக்கிற பலட் கவரைக் கழற்ற முதல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. முடியை விரலால் பிடித்துக்கொண்டு, கொளுக்கியை விலக்கி, ஸ்பிரிங்கின் பலத்தை மெல்ல மெல்ல இறக்கிவிட வேண்டும். இது எனக்குத் தெரியாத விசயம் இல்லை. ஹெயார் ஸ்பிரிங் கோணின ஆத்திரத்தில் பலட்டின் பாலத்து ஆணிகளை நேரே கழற்றினேன். சர்ரென்று ஒரு சத்தம். ஒன்றரை நாள் ஆறுதலாக விட வேண்டிய பலம் இரண்டு செக்கனில் சில்லுகளைச் சுழற்றிக்கொண்டு போய் முடிந்தது. நாலாம் சில்லின் ஊசிமுனை முறிந்து கிடந்தது. அறுந்துபோச்சு என்று நான் பிறகு பழி போட்ட ஸ்பிரிங் தான் உயிரோடு இருப்பதை அப்படிக் காட்டியது.

இந்தியாவில் எச்எம்டி மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. பழைய மணிக்கூடுகளும் சாமான்களும் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. ஓடுகிற ஜனதா ஒன்றை எடுப்பித்து, அதன் மெஷினை மாமாவின் கூட்டுக்குள் வைத்து, மாமாவின் முகப்பையும் கம்பிகளையும் அதிலே பூட்டினேன். பின்மூடியில் 87க்குக் கீழே என் திகதியையும் கீறினேன். இனி யார் திறந்து பார்த்தாலும் ஒழுங்காகத் திருத்தப்பட்ட மணிக்கூடு என்றுதான் நினைப்பார்கள்.

மாமி காதோடு வைத்துக் கேட்டார். கனநேரம் கேட்டார். பிறகுதான், "என்னடா பழுது?" என்றார்.

எண்ணெய் காய்ந்தது என்று சொல்லியிருக்கலாம், உண்மையும் அதுதான். ஆனால் எண்ணெய்க்கு ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால் என்ன சொல்வது? சாமான் வர மாதக்கணக்காகிவிட்டது. ஒரு பெரிய பழுது எனக்குத் தேவைப்பட்டது. "மெயின் ஸ்பிரிங் அறுந்துபோச்சு மாமி."

"அப்ப நான் கூடத் திருகினதுதான்."

"ஓம்" என்றேன்.

முறித்ததை மன்னித்துவிடலாம், பழகுகிற கைக்கு அது நடக்கும். மெஷினை மாற்றியதற்குக்கூட ஏதாவது சாட்டுச் சொல்ல முடியும். அந்த "ஓம்"க்கு ஒரு சாட்டும் இல்லை. அவர் செய்யாத குற்றம் அது என்று அறிந்த ஒரே ஆள் நான். மூடியில் மூன்று திகதிகளைக் கண்ணால் பார்த்தவன். முப்பது வருசத்துக்குப் பிறகு அதை இறக்கி வைக்க வழி கிடைத்தபோது, என் பெயரைக் காப்பாற்ற அவர் தலையில் திரும்பவும் ஏற்றிவிட்டேன்.

இப்போது மாமி எண்ணி எட்டுத் திருகுதான் கொடுக்கிறார். அதற்கு மேல் பயம். எட்டுத் திருகு பொழுதுபடும் மட்டும்கூடக் காணாது. பின்னேரமாகும்போது முள் நின்றுவிடும், எனக்குப் போன் வரும். இறுகும் மட்டும் திருகுங்கோ, ஒன்றும் ஆகாது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒருக்காப் பட்டது காணும்" என்றார். முறிந்த சில்லும் கோணின சுருளும் பழைய மெஷினோடு என் மேசை லாச்சிக்குள் ஒரு பிலிம் டப்பாவில் கிடக்கின்றன. அதை எடுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் கடந்து போனால் அரை நாள் வேலை.

போன கிழமையும் கேட்டார், ஏன் தம்பி இது நெடுகப் பின்னேரத்திலை நிக்குது என்று. பழைய மணிக்கூடு அப்பிடித்தான் மாமி என்றேன்.