தண்ணீர் வழியே இருவர் – 7: தேக்காவிலிருந்து தோணி போகுமா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஏழடி அகலப் படகையே வீடாக்கிக்கொண்டு, மதகுகளைத் தாங்களே திறந்து மூடி ஊர் ஊராகச் சுற்றும் தம்பதிகளின் காணொளி என்றால் என் கணவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். சிங்கப்பூரில் அதற்கெல்லாம் வழியில்லை என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. லிட்டில் இந்தியாவில் நாங்கள் தங்கியிருந்த அறையிலிருந்து கடல்முகம் வரை தண்ணீரிலேயே போக முடியுமா என்று வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

வரைபடத்தில் வழி இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையிலிருந்து புக்கித் தீமா சாலையைக் கடந்தால் ரோச்சோர் கால்வாய். அது சுங்கை ரோட்டோரமாகப் போய், ரோச்சோர் ஆறாகி, காலாங் ஆற்றோடு சேர்ந்து மரினா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. சிங்கப்பூர் ஆறும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது. ஆனால் கால்வாயை எட்டிப் பார்த்ததும் இவர் முகம் தொங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவர்; மழையில்லாத நாள் என்பதால் அடியில் கொஞ்சம் தண்ணீர். தோணி என்ன, வாத்துகூட யோசித்துத்தான் இறங்கும்.

இந்தப் பக்கத்து ஈரத்தையும் புல்லையும் நம்பித்தான் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் இங்கே வந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த பெலிலியோஸ் என்ற யூத மாட்டு வியாபாரியின் பெயரில் இன்னும் ஒரு தெரு உண்டு. பஃப்ளோ ரோட்டில் இப்போது வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கிறார்கள்.

ஆகவே ரயிலேறி கிளார்க் கீ போனோம். அங்கிருந்து மரினா விரிகுடா வரை போய்த் திரும்பும் பழைய பாணி மரப்படகுகள் கிளம்புகின்றன. முகப்பின் இரு பக்கமும் வட்டமாகக் கண் வரைந்திருக்கிறது; படகு வழி பார்த்துப் போக வேண்டுமாம். எங்கள் படகின் கண்ணில் வெள்ளைச் சாயம் புதிது, கருவிழியின் ஓரம் மட்டும் கயிறு உரசி உரிந்திருந்தது. ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் ராஃபிள்ஸ், சீன வணிகர்கள், வானுயர்ந்த வங்கிகள் என்று சொல்லிக்கொண்டே வந்தது. தமிழ்ப் படகோட்டிகளைப் பற்றி மூச்சு விடவில்லை.

எனக்கு அது பொறுக்கவில்லை. சிங்கப்பூரின் தொடக்ககாலத்தில், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவந்த தொங்கான் என்ற சரக்குப் படகுத் தொழிலில் முன்னே நின்றவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். சூலியாக்கள் என்று அவர்களுக்குப் பெயர். போட் கீக்குப் பின்னால் சூலியா ஸ்திரீட் இருக்கிறது. அதை ஒட்டிய மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தொங்கான் தொழில் சீனர் கைக்குப் போய்விட்டது.

ஒரு பாலம் நெருங்க நெருங்க இவர் தானாகவே தலையைக் குனிந்துகொண்டார். கேவனா பாலம் அவ்வளவு தாழ்வு. 1869இல் முடிந்த அந்தத் தொங்கு பாலத்தின் இரும்பு கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. கட்டியவர்களுக்குப் படகுக்காரர்களின் பாடு தோன்றவில்லை போலிருக்கிறது. ஓதம் ஏறியிருக்கும்போது சரக்குப் படகு அடியில் நுழையாது. தண்ணீர் வற்றும் வரை இரண்டு பக்கமும் காத்துக்கிடக்க வேண்டும். பாலத்தின் மேலே இன்றைக்கும் ஒரு பலகை இருக்கிறது: மூன்று அந்தர், அதாவது சுமார் 152 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிகளும், மாடும் குதிரையும் போகக்கூடாது. 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்த பிறகு வண்டிகளெல்லாம் அதில் ஏறிவிட்டன.

இப்போது எந்தப் படகும் காத்திருப்பதில்லை, ஓதமே உள்ளே வருவதில்லை. 2008இல் திறந்த மரினா தடுப்பணை 350 மீட்டர் அகலத்துக்குக் கடலை வெளியே நிறுத்திவிட்டது. ஒன்பது இரும்புக் கதவுகள். கனமழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தால் உள்ளே சேரும் தண்ணீரைப் பம்புகள் வெளியே தள்ளும். எங்கள் படகு மிதந்தது குடிநீர்த் தேக்கத்தில்! தேக்கா கால்வாயில் விழும் மழையும் அதில்தான் சேர்கிறது என்றதும் இவர் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை ஒருமுறை உயர்த்திப் பார்த்தார்.

இதற்கு முன்னால் இந்த ஆறு நாறிக் கிடந்தது. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக் கெடு வைத்துத் துப்புரவை முடுக்கினார். பன்றிப் பண்ணைகளும் தெருக்கடைகளும் போயின. 1983இல் சரக்குப் படகுகளையும் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள். விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் ஓடிய நம் பக்கிங்ஹாம் கால்வாயில், சென்னைக்குள் தோணியும் போய், தண்ணீரும் கெட்டு, நடுவே பறக்கும் ரயிலுக்குத் தூண் எழும்பியதைப் பார்த்தவள் நான். இங்கே தண்ணீராவது பிழைத்தது. ஆனாலும் வேலை செய்யும் படகு ஒன்றுகூட இல்லாத ஆறு எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது.

கரையேறியதும் இவர் சீட்டுக் கொடுக்கும் தமிழ்ப் பெண்ணிடம் போய், “ஏம்மா, தேக்கா வரைக்கும் படகு விட்டால் என்ன?” என்று கேட்டேவிட்டார்.

“அங்கே வாய்க்கால்தானே அங்கிள்!” என்று அவள் சிரித்தாள். “எம்ஆர்டியில் ஏறுங்க, ரெண்டாவது ஸ்டேஷன்.”

(அடுத்த இதழில்: காலாங் ஆற்றில் துடுப்புப் போடப் போகிறோம். இவருக்கு நீச்சல் தெரியாது.)