கை கொஞ்சம் நீளம்

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு மன்றத்துப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "பெருசு, இந்த வருசம் நம்ம பழைய கேரம் ஆட்டக்காரங்களுக்கு மரியாதை செய்றோம். நீங்கதான் நாலு வார்த்தை பேசணும்" என்றார்கள். யார் யாருக்கு என்று கேட்டேன். தையற்கடை அண்ணன், மின்வாரியத்து மாமா, போன வருடம் தவறிப்போன சைக்கிள் கடைக்காரர், ஆக மூன்று பேர். சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது.

செக்காலையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செக்கும் ஆலையும் பெயரிலேயே இருக்கிற பகுதி. இன்று மாநகராட்சியாகிவிட்ட காரைக்குடியில் சகாய மாதா கோயில் மணியும் பஸ் ஹாரனும் ஒன்றாகக் கேட்கும் இடம். நான் சொல்லும் மன்றம் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. எழுபதுகளில் அது தையற்கடைக்குப் பின்னால் இருந்த ஒரு ஓட்டுச் சாய்ப்பு. நடுவில் ஒரு கேரம் பலகை, மேலே ஒரு அறுபது வாட் பல்பு, சுற்றி நாலு முக்காலி. போரிக் பவுடர் வாங்கக் காசில்லாத நாளில் முகப் பவுடர். அவ்வளவுதான் சொத்து.

மின்வாரியத்து மாமா அந்தப் பல்பின் காவலர். வெளிச்சம் பலகையில் ஒரே சீராக விழ வேண்டும் என்று தகரத்தில் ஒரு மறைப்பு செய்து மாட்டியவர் அவர்தான். மின்வெட்டு வந்தால் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆட்டம் மட்டும் அவருக்கு வரவே வராது. நாற்பது வருடத்தில் ஒரு கோப்பை வாங்கியது கிடையாது. முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, அடுத்த ஆட்டத்துக்குக் காய் அடுக்கிக்கொடுக்க உட்கார்ந்துவிடுவார். வெள்ளை ஒன்பது, கருப்பு ஒன்பது, நடுவில் சிவப்பு. அவர் அடுக்கினால் பூ மாதிரி இருக்கும்.

சைக்கிள் கடைக்காரர் டபுள் அடி மன்னர். பலகையின் பக்கக் கட்டையில் மோதித் திரும்பிவந்து குழியில் விழும் காய்க்கு, பஞ்சர் ஒட்டிய கையோடு அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தார்.

தையற்கடை அண்ணன் ஆட்டமே வேறு. சத்தமே வராது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது ஊசியில் நூல் கோப்பது போல இருக்கும். ரெட்டைப் போட்டால் ஃபாலோ எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்திருப்பார். ஆனால் நாங்கள் அவரை மதித்தது அதற்காக இல்லை. ஸ்ட்ரைக்கர் கோட்டைச் சரியாகத் தொடவில்லை என்றாலோ, விரல் நுனி ஒரு காயில் லேசாகப் பட்டுவிட்டாலோ, எதிராளி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாலும், அவரே "ஃபைன்" என்பார். போட்ட காயில் ஒன்றை எடுத்து அவரே நடுவில் வைப்பார். தினசரி ஆட்டத்துக்கு நடுவர் ஏது? அவரவர் வாய்தான் நடுவர். அந்தச் சாய்ப்பில் சண்டை வராமல் இத்தனை வருடம் ஆட்டம் நடந்ததற்கு அந்த ஒற்றை வார்த்தை ஒரு காரணம்.

பேச்சை ஒழுங்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-இலும் 1995-இலும் உலக சாம்பியன் ஆனதையும், கேரமுக்கு முதல் அர்ஜுனா விருது 1996-இல் அவருக்குக் கிடைத்ததையும் எழுதினேன். உலகக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான் என்பதையும் சேர்த்தேன். வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலகப் பட்டம் வென்றார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கினார், அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. இவர்களெல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? இப்படிப்பட்ட சந்துகளிலிருந்துதான். அங்கே தினமும் ராத்திரி பலகையை விரித்துவைத்து, பேர் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தவர்களிடமிருந்துதான்.

ஊட்டியில் வேலை பார்த்த இரண்டு வருடத்தையும் சேர்த்தேன். ஸ்னூக்கர் என்ற ஆட்டம் 1875-இல் ஜபல்பூரில் வெள்ளைக்கார அதிகாரிகளிடையே பிறந்து, ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டு உலகம் சுற்றிய கதை அங்கேதான் தெரிந்தது. பன்னிரண்டடி நீள மேசை, பச்சைத் துணி, ஆறு குழி. நம் பலகைக்கு இருபத்தொன்பது அங்குலமும் நாலு குழியும்தான். அது கிளப் ஆட்டம், இது திண்ணை ஆட்டம். ஆனால் ஒரு வழக்கம் இரண்டுக்கும் பொது. நடுவர் கவனிக்காத தவறையும் ஆடுகிறவனே சொல்லிவிட வேண்டும். அதுதான் ஆட்டத்தின் மரியாதை.

இந்த இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

1982 பொங்கல். மன்றத்தின் ஒற்றையர் போட்டி. இறுதி ஆட்டத்தில் நானும் தையற்கடை அண்ணனும். எனக்கு வயது இருபத்து நாலு. தொலைபேசித் துறையில் வேலை கிடைத்த புதிது. பொங்கலுக்கு அண்ணனிடமே தைத்த புது முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். நீலக் கோடு போட்ட பாலியெஸ்டர். அப்போதைய மோஸ்தர்படி மணிக்கட்டில் அகலப் பட்டி.

கடைசி போர்டு. இருவருக்கும் ஒரே பாயிண்ட் பாக்கி. என்னுடைய வெள்ளை ஒன்று, அவருடைய கருப்பு ஒன்று. அவர் காய் என் பக்கத்துக் கோட்டை ஒட்டிக் கிடந்தது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் கையை இறக்கினேன். சட்டைப் பட்டி அந்தக் கருப்பில் உரசியது. காய் அரை விரற்கடை நகர்ந்தது.

நடுவர் அண்ணன் பக்கம் நின்றார். என் கை மறைத்திருந்தது. கூட்டம் என் முதுகுக்குப் பின்னால். ஒரு நொடிதான். ஃபைன் சொன்னால் என் காய் இரண்டாகிவிடும், கையும் மாறிவிடும். அந்தக் கருப்பு அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற காய். நான் சொல்லவில்லை. சுண்டினேன். வெள்ளை விழுந்தது. கூட்டம் கத்தியது. நிமிர்ந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து கைகொடுத்தார்.

முதல் பரிசு ஒரு எவர்சில்வர் குடம். அம்மா உடனே கடைக்கு எடுத்துப்போய் என் பேரையும் வருடத்தையும் வெட்டிக்கொண்டு வந்தாள். சம்பை ஊற்றுத் தண்ணீரை அதில்தான் பிடித்து வைப்பாள். வருகிறவர்களிடமெல்லாம் "தம்பி கேரம்ல ஜெயிச்சது" என்பாள். நான் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அந்த வருடத் தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனேன். வேறு கடைக்குப் போனால் ஏன் என்று அம்மா கேட்பாளே. பத்து நாள் கழித்துச் சட்டையை மடித்துக் கையில் கொடுத்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"தம்பி, பொங்கலுக்குத் தச்சதுல கை கொஞ்சம் நீளமாப் போச்சு. இதுல குறைச்சிருக்கேன்."

கை நீளம் என்றால் நம் ஊரில் வேறொரு அர்த்தமும் உண்டு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கூலி கொடுத்தேன், மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. என் கல்யாணச் சட்டையும் அவர் தைத்ததுதான். வெளியூர்களில் வேலை பார்த்தபோதும் லீவுக்கு வந்தால் அவரோடு ஆடாமல் போனதில்லை. யாரிடமும் அவர் அதைச் சொன்னதாக என் காதுக்கு வரவில்லை. சின்ன ஊரில் அப்படி ஒரு சொல்லை நாற்பது வருடத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்திருப்பது லேசான காரியமா?

விழா அன்று சாயங்காலம் மன்ற வாசலில் பந்தல். காரைக்குடிக்காரர்களுக்கு விழா எடுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் திருநாளைப் பார்த்து வளர்ந்த ஊர். மூவருக்கும் பொன்னாடை, கேடயம். சைக்கிள் கடைக்காரருக்காக அவர் வீட்டு அத்தை மேடையேறி வாங்கிக்கொண்டார். மின்வாரியத்து மாமா, "நான் ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்லையேப்பா, ஆள் மாத்திக் கூப்பிட்டுட்டீங்களா?" என்று கேட்க, பந்தலே சிரித்தது. "தோக்கவும் ஒரு ஆள் வேணும்ல மாமா" என்றான் ஒரு பையன். கிண்டலாகச் சொன்னாலும் உண்மைதான். ஜெயிக்கிறவன் மட்டும் வருகிற மன்றம் ஒரு மாதத்தில் மூடிவிடும்.

என் முறை வந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு 1982-ஐச் சொன்னேன். சட்டைப் பட்டி, கருப்புக் காய், குடம், தீபாவளிச் சட்டை எல்லாம். வீட்டிலிருந்து அந்தக் குடத்தையும் கொண்டுபோயிருந்தேன். அதை அண்ணன் முன்னால் வைத்தேன். பந்தலில் சத்தமில்லை. என் பேரன் வயதுப் பையன்கள் என்னையே பார்த்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அவரைப் பற்றி உண்மையாகப் பேச வேண்டுமென்றால் வேறு எதைச் சொல்ல முடியும்?

அண்ணனுக்கு இப்போது எழுபத்தெட்டு. மைக்கை வாங்கினார். "நீலக் கோடு போட்ட துணி. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "மடிச்சு விட்டுட்டு ஆடியிருக்கலாம்ல தம்பி?" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. குடத்தை மட்டும் தன் வீட்டுக்கு எடுத்துப்போக மறுத்துவிட்டார். "இங்கேயே இருக்கட்டும். ஆடுற பிள்ளைக தண்ணி குடிக்கட்டும்."

பிறகு பையன்கள் பலகையைப் போட்டார்கள். நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். மின்வாரியத்து மாமா காய் அடுக்கினார். நான் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டேன். அண்ணன் விரல்களில் இப்போது நடுக்கம் உண்டு. மூன்றாவது போர்டில் ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது அவர் சுண்டுவிரல் என் வெள்ளைக் காயில் பட்டது. நான் கவனிக்கவில்லை. நடுவராக நின்ற பையனும் கவனிக்கவில்லை.

"ஃபைன்" என்றார் அண்ணன். தான் போட்ட கருப்பில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார்.

அந்த ஆட்டத்தில் அவர்தான் ஜெயித்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

குடம் இப்போது மன்றத்தில் இருக்கிறது. வெட்டிய பேரையும் வருடத்தையும் தேய்த்து அழித்துவிடட்டுமா என்று பையன்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளை யாராவது, இது யார் பேர், என்ன ஜெயித்தார் என்று கேட்கட்டும். பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள்.