முளைத்த நெல்

நாஞ்சில் நாட்டிலே பிறந்த எவருக்கும் நெல்லைப்பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டுவது யாதுளது? பழையாற்றுப் பாய்ச்சலில் கன்னிப்பூவும் கும்பப்பூவுமாய் ஆண்டுக்கு இருபோகம் விளையும் வயல்களின் நடுவே வளர்ந்தவன் யான். எனினும், ஒரு நெல்மணியின் உள்ளே நிகழும் செயலொன்றை அறிந்துகொள்ள எனக்குப் பத்தாண்டுகள் வேண்டியிருந்தன. அவ்வறிவு வந்த வழியை நம் கல்லூரி அன்பர்களுக்குச் சொல்லத் துணிகின்றேன்.

விதைப்புக் காலம் எங்கள் வீட்டிற்குத் திருவிழாக் காலம். பாட்டனார் விதைநெல்லை ஓர் இரவும் ஒரு பகலும் நீரில் ஊறவைத்து, நீரை வடித்துச் சாக்கிலே கட்டி, வைக்கோலால் மூடி, மேலே கல் ஏற்றிவைப்பார். மறுநாள் சாக்கினுள் கையை விட்டால் இளஞ்சூடு தெரியும். அதற்கும் மறுநாள் மணிதோறும் வெண்முளை தலைநீட்டும். அதைக் காணுங்கால் அவர் முகத்தில் மலரும் மகிழ்ச்சி இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

அதே முளையை அவர் கண்ணீரோடு நோக்கிய நாளும் ஒன்று உண்டு. 1977-ஆம் ஆண்டு, கன்னிப்பூ அறுவடை. எனக்கு அப்போது வயது பத்து. ஐப்பசி மழைக்கு முன்னே அறுத்துவிட எண்ணியிருந்தவர், ஆள் கிடையாமையால் நான்கு நாள் தாமதிக்க நேர்ந்தது. கதிர்க்கட்டுகள் களம் வந்துசேர்ந்த அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் ஓயவில்லை. ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது, நெல் கதிரோடே முளைத்திருந்தது. ஒரு கதிரைக் கையில் எடுத்து, "மக்களே, இனி இது நெல்லல்ல, நாற்று" என்றார். குத்தினால் அரிசி நொய்யாயிற்று. கஞ்சி வைத்தால் பசைபோலக் குழைந்து, சற்றே இனித்தது. வியாபாரி பாதி விலைக்கும் கேட்கவில்லை. கடனுக்காக வயலில் ஒரு பகுதி கைமாறிற்று. தம் தாமதமே எல்லாவற்றிற்கும் காரணம் என்று அவர் இறுதிவரை தம்மையே நொந்துகொண்டார்.

ஆண்டுகள் சென்றன. இக்கல்லூரியின் தாவரவியற் கூடத்தில் ஒருநாள், ஆசிரியர் முளைகட்டிய நெல்லை நெடுக்காகப் பிளந்து அதன்மேல் அயோடின் துளி விடச் சொன்னார். மணியின் பெரும்பகுதி கருநீலமாயிற்று. கருவை அடுத்த ஓரம் மட்டும் வெளுத்து நின்றது. "அவ்விடத்து மாவு எங்கே போயிற்று?" என்று வினவினார். எனக்கு அந்த இனித்த கஞ்சி நினைவிற்கு வந்தது.

நெல்மணியின் மாவு வெறுங்குவியல் அன்று. பத்தாயத்தில் அறை அறையாக நெல்லை அடைத்துவைப்பதுபோல, எண்ணிறந்த சிற்றறைகளில் அது அடைக்கப்பட்டுள்ளது. அவ்வறைகளின் சுவர்களும் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்தவையே. வாற்கோதுமையின் அறைச்சுவரில் ஏறக்குறைய முக்காற்பங்கு பீட்டா குளுக்கன் என்னும் பொருள்; நெல்லில் அது சொற்பம்; செல்லுலோஸ், அரபினோசைலன், பெக்டின் முதலியவையே மிகுதி. நீர் பட்டு விழித்த கரு, ஜிப்ரெல்லின் என்னும் தூதினை அனுப்புகின்றது. அதைப் பெற்ற அலூரோன் என்னும் மேற்படலம் நொதிகளைச் சுரக்கின்றது. கருவை ஒட்டிய மெல்லிய தகடும் அவ்வாறே சுரக்கின்றது. குளுக்கனேஸ், சைலனேஸ் முதலிய நொதிகள் சுவர்களை அரித்து வழிதிறக்க, அமிலேஸ் உட்புகுந்து மாவைச் சர்க்கரையாக்குகின்றது. முளைத்த வாற்கோதுமையிலிருந்து மாவைக் கரைக்கும் நொதியைப் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1833-ல் பிரித்தெடுத்தனர். அத்தானியத்தில் முதலில் சுவரும் பின்னரே மாவும் கரைகின்றன என்பதை இங்கிலாந்தில் பிரௌன், மாரிஸ் என்போர் 1890-ல் விரித்துரைத்தனர்.

ஆகவே, சாக்கினுள் நிகழ்ந்ததும் களத்தில் நிகழ்ந்ததும் ஒன்றே. நெல் பிழை ஏதும் செய்யவில்லை. பருவந்தோறும் நாம் அதனிடம் எதை வேண்டினோமோ, அதையே வேண்டாத நாளில் செய்தது. அதனைத் தடுக்கும் காவலும் இயற்கையில் உண்டு. புதிதாய் விளைந்த நெல் சில வாரங்கள் உறங்கும். அப்சிசிக் அமிலம் அவ்வுறக்கத்தைக் காக்கின்றது. ஆனால் எல்லா நெல்லும் ஒருபோல உறங்குவதில்லை. உறக்கமில்லாத வகை மழை பட்டவுடன் கதிரிலேயே விழித்துக்கொள்ளும். மழையை ஒட்டி அறுக்கும் நிலத்திற்கு உறக்கமுள்ள வகையே ஏற்றது. அறுத்ததை நூற்றுக்குப் பதினான்கு பங்கு ஈரத்திற்குக் குறைய உலர்த்தினால் களஞ்சியத்திலும் அச்சமில்லை. திருப்பதிசாரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்திற்குச் செல்லும் உழவர், "எத்தனை கோட்டை விளையும்?" என்பதோடு, "எத்தனை நாள் உறங்கும்?" என்றும் கேட்டறிதல் நலம்.

தாமதம் பாட்டனாருடையதுதான், ஆனால் இழப்பு முழுவதும் அதனால் வந்ததன்று. அவர் விதைத்த நெல்லுக்கு உறக்கம் இல்லாமையும் ஒரு காரணம். இதை அவரிடம் சொல்லும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. யான் இக்கல்லூரியிற் சேருமுன்னரே அவர் காலமாகிவிட்டார். மாணவ நண்பர்களே, நம் வயல்கள் நாளுக்கு நாள் குறுகிவருகின்றன. எஞ்சிய வயல்களில் இன்னும் உழுபவர் உங்கள் வீட்டில் இருப்பின், கூடத்திற் கற்றதை இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டிற்கென்று வைத்திராதீர்கள்.