ஒரு போன், நாலு பேர், ஒரு வழக்கறிஞர் விண்ணப்பம்

அந்த விண்ணப்பத்தில் மொத்தம் ஆறு கேள்விகள். அப்பா பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. எந்தத் தெரு, என்ன சமூகம், யார் சிபாரிசு, எதுவும் கேட்கவில்லை. நாங்கள் திரும்பத் திரும்ப மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். அடுத்த பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடத் தேடினோம். இல்லை. வாழ்நாள் முழுக்க விண்ணப்பம் நிரப்பியே பழகிய எங்களுக்கு அது நம்ப முடியாததாக இருந்தது.

2021 கொரோனா முடக்கக் காலம் அது. படிப்பகத்தைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் நாலு பேர். அக்காவும் தம்பியும் சட்டம் முடித்திருந்தார்கள். ஒருவர் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நாலாமவர் பத்தாம் வகுப்போடு நின்று கொத்து வேலைக்குப் போனவர். எங்களிடம் ஒழுங்காக வேலை செய்த போன் ஒன்றுதான், அதுவும் கொத்தனாருடையது. பட்டம் வாங்கிய இருவரும் வழக்கறிஞராகப் பதிவு செய்யவில்லை. பதிவுக்கு என்று சொல்லப்பட்ட தொகை எங்கள் இரண்டு வீட்டின் பல மாதக் கூலி. வேலையே இல்லாத காலத்தில் அதைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் மூன்றாம் ஆண்டுத் தம்பி இந்த இணைய விளையாட்டைக் காட்டினான். விளையாட்டு என்றால் சுடுவது, ஓடுவது இல்லை. முன்பின் தெரியாதவர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து ஒரு கற்பனை நாட்டை நடத்துகிறார்கள். அதற்கு அரசியல் சட்டம் உண்டு, தேர்தல் உண்டு, நாடாளுமன்றம் உண்டு, நீதிமன்றமும் உண்டு. இது புதிதும் இல்லை. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மாக்ஸ் பேரி 2002ல் தொடங்கிய நேஷன்ஸ்டேட்ஸ் இந்த வகையில் பெயர் பெற்றது. அதற்குப் பிறகு இதுபோல எத்தனையோ வந்துவிட்டன. நாங்கள் சேர்ந்தது சின்ன நாடு.

அந்த நாட்டிலும் யார் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் வாதாடிவிட முடியாது. வழக்கறிஞர் மன்றத்தில் சேர்க்கப்பட வேண்டும். அதற்கு அவர்களுடைய அரசியல் சட்டத்தைப் படித்து, சில கேள்விகளுக்குப் பதில் எழுதி, ஒரு மாதிரி வாதுரையும் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. "விளையாட்டு வக்கீலாவது ஆகிப் பாப்போமே" என்றார் அக்கா. அந்தச் சிரிப்பில் கசப்பும் இருந்தது. இரண்டு வருஷமாகச் சட்டப் புத்தகங்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன.

மூன்று இரவு உட்கார்ந்தோம். அக்கா சொல்ல, தம்பி ஆங்கிலத்தில் எழுத, கொத்தனார் "இது எனக்கே புரியல, ஜட்ஜுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்க, மறுபடி எழுதினோம். ஐந்து கேள்விகளை முடித்தோம். ஆறாவது கேள்வியில் மாட்டிக்கொண்டோம்.

இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானா?

ஆம் என்று ஒரு சொல் போட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் அக்கா சொன்னதுதான் நின்றது. "வக்கீலாகறதுக்குப் போடுற முதல் மனுவுலயே பொய் சொல்லணுமா?" உண்மையை எழுதினோம். நாங்கள் நாலு பேர், ஒரு போன், ஒரு கணக்கு.

மறுநாளே பதில் வந்தது. மரியாதையாகத்தான் இருந்தது. ஒருவருக்கு ஒரு கணக்கு என்பது விதி, எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. மறுபரிசீலனை கேட்க உரிமை உண்டு.

விளையாட்டில்கூடக் கதவு சாத்துகிறார்களே என்று தம்பிக்குக் கோபம். கொத்தனார்தான் யோசித்துக் கேட்டார்: "அந்த விதிய எதுக்கு வச்சாங்க?" ஒரே ஆள் பத்துக் கணக்கு வைத்துக்கொண்டு பத்து ஓட்டுப் போடக் கூடாது என்பதற்காக. "நாம நாலு பேரு சேந்து ஒரு ஓட்டுத்தானே போடுறோம்? இதுல யாரு யார ஏமாத்துறோம்?"

அதுதான் எங்கள் வாதம் ஆனது. சட்டக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தோன்றாதது, கலவை குழைக்கிறவருக்குத் தோன்றியது. விதியின் சொல்லை மட்டும் பார்க்காதீர்கள், நோக்கத்தைப் பாருங்கள் என்று எழுதினோம். ஒருவருக்கு ஒரு கணக்கு என்று எழுதியவர்கள், ஒருவருக்கு ஒரு போன் இருக்கும் என்று எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்களைப் போன்றவர்கள் வருவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதற்கு நாங்கள் ஏன் வெளியே நிற்க வேண்டும் என்று கேட்டோம். எங்கள் வாழ்க்கையின் முதல் வாதுரை, எங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நாங்களே போட்டதுதான்.

ஒன்பது நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. கணக்கு ஒன்று, வாக்கு ஒன்று, நீதிமன்றத்தில் பேசுகிறவர் ஒருவர். மற்ற மூவரும் உதவியாளர்களாகப் பதிவாகலாம். விதியையும் அப்படியே திருத்தினார்கள். அன்றைக்குப் படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தோம். சிரிக்காதீர்கள் தோழர்களே. ஒரு நீதிமன்றம், அது கற்பனையாகவே இருக்கட்டும், எங்கள் வாதத்தைக் கேட்டுத் தன்னுடைய விதியை மாற்றியது. அது எங்களுக்குப் புதிது.

இப்போது நிஜத்துக்கு வருவோம்.

1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 24(1)(எஃப்). பதிவுக் கட்டணம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கிறது. மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் சான்றிதழ் காட்டினால் 100 ரூபாயும் 25 ரூபாயும். ஆக 125 ரூபாய். இது 1993ல் நாடாளுமன்றம் செய்த திருத்தம். ஆனால் நாடு முழுக்க நடந்தது என்ன? நூலக நிதி, நல நிதி, அடையாள அட்டை, சரிபார்ப்பு, கட்டட நிதி என்று ஒவ்வொரு தலைப்பாகச் சேர்த்துப் பல மாநிலங்களில் 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள். 40,000 ரூபாயைத் தாண்டிய மாநிலமும் உண்டு. சட்டம் 125 என்றது. நடைமுறை அதற்கு நூறு மடங்குக்கு மேல் போனது.

இந்தத் தொகையை யார் தாங்குவார்கள்? அப்பா வக்கீல், மாமா நீதிபதி என்று இருக்கிறவர்களுக்கு இது ஒரு செலவே இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு இது ஒரு சுவர். சாதி பெயரைச் சொல்லி யாரும் யாரையும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய வேலையை ரசீதுப் புத்தகமே பார்த்துக்கொண்டது.

இது இன்றைக்கு முளைத்ததும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1922ல் லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனவர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பம்பாய் திரும்பியவரிடம், வழக்காடுவதற்கான சன்னது வாங்கப் பணம் இல்லை. நண்பர் நவல் பதேனா உதவிய பிறகுதான் 1923ல் தொழில் தொடங்க முடிந்தது. பின்னாளில் இந்த நாட்டின் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர், நீதிமன்ற வாசலில் கட்டணத்துக்குக் கடன் வாங்கி நின்றார். நூறு ஆண்டு கழித்தும் அவருடைய பிள்ளைகள் அதே வாசலில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பணம் மட்டுமா? நிஜ விண்ணப்பம் நிலுவையில் உள்ள குற்ற வழக்குகளைக் கேட்கும். அக்கா மீது ஒரு வழக்கு இருந்தது. எங்கள் சுடுகாட்டுப் பாதையை வேலி போட்டு அடைத்தபோது, பிணத்தோடு சாலையில் உட்கார்ந்த ஊரே அந்த எஃப்.ஐ.ஆரில் இருந்தது. வேலி போட்டவர் பெயர் எதிலும் இல்லை. அந்தக் கேள்விக்கும் பொய் எழுத மாட்டேன் என்றார் அக்கா. வழக்கு முடியட்டும் என்று அவரே தள்ளிப்போட்டார். 2023ல்தான் அது ரத்தானது.

இதே சட்டத்தில் 24ஏ என்று ஒரு பிரிவு இருப்பதை எத்தனை வழக்கறிஞர்கள் கவனித்திருப்பார்கள்? 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றவரை வழக்கறிஞராகப் பதிவு செய்யக் கூடாது. விடுதலையாகி இரண்டு ஆண்டு கழிய வேண்டும். தீண்டாமை பார்க்கிறவன் கறுப்பு அங்கி போடத் தகுதியில்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயர் அந்தப் பிரிவில் இல்லை. அதையும் சேருங்கள் என்று நாம் கேட்க வேண்டும். பாதை கேட்டு உட்கார்ந்தவரைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நடைமுறை, பாதையை அடைத்தவரைப் பற்றியும் கொஞ்சம் கவலைப்படட்டும்.

2024 ஜூலை 30. கௌரவ் குமார் வழக்கில் தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு தீர்ப்பு சொன்னது. சட்டம் சொல்லும் 750, 125 ரூபாய்க்கு மேல், முத்திரைத் தீர்வை தவிர, பதிவின்போது எதுவும் வாங்கக் கூடாது. அதிகக் கட்டணம் விளிம்புநிலை மக்களை இந்தத் தொழிலிலிருந்து விலக்குகிறது, அது சமத்துவத்துக்கு எதிரானது என்றது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. அதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்களின் வட்டி இன்னும் ஓடுகிறது.

கற்பனை நாடு ஒன்பது நாளில் விதியைத் திருத்தியது. நிஜ நாட்டில் 1993ல் எழுதிய ஒரு வரி, எழுதியபடி நடக்க வேண்டும் என்று சொல்லவே முப்பது ஆண்டுக்கு மேல் ஆனது.

அதற்காக அந்த விளையாட்டு நாட்டை நாங்கள் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆங்கிலம் தெரியாதவருக்கு அங்கே இடமில்லை. அங்கே சாதி கேட்காததற்குக் காரணம் அங்கே நிலம் இல்லை, கிணறு இல்லை, சுடுகாடு இல்லை. ஒருநாள் குரல்வழி விசாரணை முடிந்ததும், நம் நாட்டுக்காரர் ஒருவர் அன்பாகத்தான் கேட்டார்: "உங்க முழுப் பெயர் என்ன? எந்த ஊரு?" எங்களுக்குத் தெரியாத கேள்வியா அது? போனை அணைத்துவிட்டோம். அத்தனை மாதம் வாதாடிய வாய் ஒரு கேள்வியில் அடைத்துப் போனது. அதற்குப் பிறகு அங்கே அதிகம் போகவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு அக்காவும் தம்பியும் பதிவு செய்தார்கள். ஆளுக்கு 125 ரூபாய், முத்திரைத் தீர்வை தனி. இரண்டு கவுனுக்கும் பணம் கொடுத்தது கொத்தனார். "ஆறாவது கேள்விக்கு நான்தானே பதில் சொன்னேன், எனக்கும் பங்கு இருக்கு" என்றார்.

அக்கா முதலில் போட்ட வக்காலத்து ஒரு வன்கொடுமை வழக்கில், பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக. குற்றம் சாட்டப்பட்டவர்களின் ஜாமீன் மனு அன்று விசாரணைக்கு வந்தது. 2015ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, ஜாமீன் விசாரணையில் பாதிக்கப்பட்டவரும் கேட்கப்பட வேண்டும் என்கிறது. அக்கா எழுந்து நின்றார். எதிர்த் தரப்பில் ஒரு மூத்தவர் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "எந்த ஊரும்மா நீ? எந்தத் தெரு?"

போனை அணைப்பதுபோல இதை அணைக்க முடியாது. அக்கா ஊரையும் சொன்னார், தெருவையும் சொன்னார். பிறகு நீதிபதியைப் பார்த்து, பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும் என்றார். கேட்டார்கள்.

கேள்வியே கேட்காத விண்ணப்பம் எங்களுக்கு அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தெருவின் பெயரைச் சொன்ன பிறகும் எங்கள் வாதம் கேட்கப்பட வேண்டும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

சட்டம் முடித்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, 24(1)(எஃப்) என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றிதழை இணையுங்கள். அதற்கு மேல் யார் கேட்டாலும், விருப்பக் கட்டணம் என்று பெயர் வைத்துக் கேட்டாலும், எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். கட்டியதற்கெல்லாம் ரசீது வாங்குங்கள். பதிவாகிவிட்டால் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திண்ணையும் கடுங்காப்பியும் இருக்கிறது.

ஜெய்பீம்.